உருப்படி ஏழு: ஓடவில்லை

அரசாங்கத்து ஆள் வாசலில் வந்து நின்று, உங்கள் வீட்டில் எதெல்லாம் ஓடவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது குட்டைக்காட்டூரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எதுவுமே ஓடவில்லை என்று சொல்ல வேண்டும். இலவச டிவி வந்த காலத்திலும், பிறகு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்த காலத்திலும் ஊர் தானாகக் கற்றுக்கொண்ட பாடம் அது. இருக்கிறது என்று சொன்னால் இருப்பதோடு நின்றுவிடும்; இல்லை என்று சொல்லி வைத்தால் ஏதாவது ஒன்று வரும்.

ஆகவே, மாவட்ட மின்கழிவு மறுவாழ்வு இயக்கத்தின் கணக்கெடுப்புக்காக காவியா என்ற பெண் மொரப்பூர்ச் சாலையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, கையில் டேப்லெட்டோடு ஊருக்குள் நடந்து வந்தபோது, செய்தி அவளை முந்திக்கொண்டு தெருத்தெருவாகப் போய்விட்டது. புதுசு தரப்போகிறார்கள், அதற்காகப் பழசு ஓடவில்லை என்று எழுத வருகிறார்கள். முனியம்மாள் வீட்டில் மிக்ஸி தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "மிக்ஸி ஓடலம்மா, மூணு மாசமாச்சு!" என்றாள் முனியம்மாள். காவியாவும் குரலை உயர்த்தி, "என்னா கம்பெனிங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள். எதிர்வீட்டில் ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தவர் எழுந்திருக்காமலேயே ஃபேனைக் காட்டி, அதுவும் ஓடவில்லை என்றார். அதையும் எழுதிக்கொண்டாள்.

காவியாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒப்பந்த வேலை, தினம் முப்பது வீடு. வீட்டுக்குக் குறைந்தது எட்டு உருப்படி எழுதினால்தான் டேப்லெட்டில் அடுத்த பக்கம் திறக்கும். ஒரு வீட்டில் எட்டு சாமான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பது தலைநகரத்தில் யாரோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எடுத்த முடிவு. குட்டைக்காட்டூரில் பல வீடுகளில் மொத்தச் சாமானே எட்டு தேறாது.

தீர்த்தம்மாள் வீட்டில் அந்தப் பக்கம் ஆறிலேயே நின்றுவிட்டது. தீர்த்தம்மாள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். உண்மையாகவே செத்துப்போன சாமான்களைத்தான் வரிசையாகச் சொன்னாள். மாதா சொரூபம் வைக்கிற மேடையாக மாறிவிட்ட பழைய டிவி, அதன் ரிமோட், மகள் ஜாஸ்மின் கல்யாணமாகி ஓசூருக்குப் போகும்போது விட்டுப்போன இரண்டு செல்போன், ஒரு சார்ஜர், ஒரு அயர்ன் பாக்ஸ். அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் இல்லை.

"இன்னும் ரெண்டு சொல்லுங்கக்கா. பக்கம் நவுர மாட்டேங்குது," என்றாள் காவியா. வெயிலில் அவள் முகம் கறுத்துப் போயிருந்தது.

கூடவே வந்திருந்த முனியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலின் மேல் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க். "யக்கா, அத்தச் சொல்லேன். அண்ணன் மிஷினு. புதுசு குடுத்தா நல்லதுதான?" என்றாள்.

அண்ணன் என்பது தீர்த்தம்மாளின் கணவன் சவுரியப்பன். இருபத்திரண்டு வருஷம் கல் குவாரியில் பாறையில் ஓட்டை போட்ட மனிதன். பாறை தன் பங்குக்கு அவன் நெஞ்சுக்குள் தூளாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வெள்ளைப் பெட்டியில் மருந்தை ஊற்றி சுவிட்சைப் போட்டால் அது மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும். காலை, மதியம், சாயங்காலம் என்று கால் மணி நேரம் அதை இழுத்தால்தான் அவனால் அடுத்த வேளை வரைக்கும் மனுஷனாக உட்கார முடியும். நெபுலைசர் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் மூச்சு மிஷின். கொஞ்ச நாளாகவே அது கொர்ரென்று பழைய பைக் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் தீர்த்தம்மாளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. அந்தப் பயம்தான் அவள் வாயைத் திறந்தது.

"அதுவும் ஓடலம்மா," என்றாள்.

உருப்படி ஏழு, ஓடவில்லை. உள்ளேயிருந்து சவுரியப்பன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "எட்டாவதா என்னிய... எழுதிக்கச் சொல்லு," என்றான். ஒரு வாக்கியத்தை இரண்டு தவணையாகத்தான் அவனால் பேச முடியும். ஆனால் கேலியை மட்டும் அவன் விட்டதில்லை. காவியா சிரித்துவிட்டு எட்டாவதாக டார்ச் லைட்டை எழுதிக்கொண்டாள். பக்கம் நகர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து லாரி வந்தது. ஊரே திரண்டு போய் நின்றது. லாரியிலிருந்து மிக்ஸி இறங்கவில்லை, ஃபேன் இறங்கவில்லை. ஆளுயரத்தில் பாதி இருக்கும் இரும்பு டிரம்கள் இறங்கின, வீட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கனமான மூடி, மூடியிலிருந்து வளைந்து இறங்கும் ஒரு குழாய், குழாயின் முனையை முக்கி வைக்க ஒரு பிளாஸ்டிக் வாளி. கூடவே ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் வாயால் சொன்ன எட்டு உருப்படிகள் அச்சடித்த காகிதம்.

பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு மாவட்ட உலை அலுவலர் சந்திரமோகன் பேசினார். வெள்ளைச் சட்டை, நல்ல குரல், யாரையும் கடிந்து பேசாத மனிதர். அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம் என்பது ஊருக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அன்பார்ந்த பயனாளிகளே! இந்தக் கருவிக்கு வெப்பச் சிதைவு உலை என்று பெயர். உங்கள் வீட்டு மின்கழிவை இதற்குள் போட்டு, காற்றே புகாமல் மூடி, அடியில் விறகு வைத்து மூன்று மணி நேரம் எரிக்க வேண்டும். காற்று இல்லாததால் பொருள் எரியாது, சிதையும். எண்ணெய் வாளிக்கு வரும், கரியும் செம்பும் உள்ளே தங்கும். வெளிநாடுகளில் இதற்கென்று ஊருக்கு வெளியே பெரிய ஆலை கட்டுகிறார்கள். புகையை வடிகட்ட ஒரு கோபுரம், அதைக் கண்காணிக்க நாற்பது பொறியாளர்கள், அவர்களுக்குப் பாதுகாப்பு உடை, இன்ஷூரன்ஸ். எவ்வளவு வீண் செலவு பாருங்கள்! நாம் அந்த ஆலையை உங்கள் அடுப்பங்கரைக்கே கொண்டு வந்துவிட்டோம். கோபுரம் தேவைப்படவில்லை. பொறியாளர் தேவைப்படவில்லை. நீங்களே போதும். இந்தத் திட்டத்தின் பெருமையே நீங்கள்தான்!"

கைத்தட்டல் வந்தது. முனியம்மாள் எழுந்து, "சார், புது மிக்ஸி எப்பங்க தருவீங்க?" என்று கேட்டாள்.

"புது மிக்ஸியா? அம்மா, இது மறுவாழ்வு இயக்கம். கொடுக்கிற இயக்கம் வேறு," என்றார் சந்திரமோகன் அன்போடு. "தொண்ணூறு நாளுக்குள் பட்டியலில் உள்ள எட்டையும் உலையில் போட்டு, மிஞ்சும் கரியை இயக்கத்தின் பெட்டியில் அடைத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்களுக்குப் பச்சை அட்டை. பச்சை அட்டை இல்லாதவர்களின் வேறு எந்த மனுவையும் எங்கள் பரிந்துரையின்பேரில் எந்த அலுவலகமும் வாங்காது."

"பொகை வருமுங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"திட்டப்படி வராது," என்றார் சந்திரமோகன்.

அடுத்த நாள் காலையில் புகை வந்தது. மூடிக்கும் டிரம்முக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து இருந்தது. வயரும் சர்க்யூட் போர்டும் வேகும்போது எழுந்த நாற்றம், வாயில் பழைய காசைப் போட்டுச் சப்பியது போல நாக்கில் ஒட்டிக்கொண்டது. மாடுகள் தண்ணீர் குடிக்கவில்லை. ஊர்ப் பெண்கள் யோசித்து, மிச்சமிருந்த ராகிக் களியை உருட்டி அந்தச் சந்தில் அப்பினார்கள். களி வெந்து, காய்ந்து, வெடித்து, அதன் வழியாகவும் புகை வந்தது. மறுவாரம் பார்வையிட வந்த சந்திரமோகன் அந்தக் களியைப் பல கோணங்களில் படமெடுத்துக்கொண்டார். இயக்கத்தின் மாத அறிக்கையில் அது "பயனாளிகளின் உள்ளூர்ப் புத்தாக்கம்" என்ற தலைப்பில் வந்தது. அதற்குப் பிறகு உலையோடு வீட்டுக்கு அரைக் கிலோ ராகி மாவும் கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்தது. மாவை அவரவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

புகையைப் பற்றிப் புகார் செய்ய ஒரு செயலி இருந்தது. அதில் மூடி சரியில்லை, குழாய் சரியில்லை, வாளி சரியில்லை என்றெல்லாம் சொல்லலாம். புகை என்று சொல்ல இடமில்லை. திட்டப்படி புகை வராது என்பதால் அதற்குக் கட்டம் போடவில்லை.

மூன்று வேளை மிஷினை இழுத்துக்கொண்டிருந்த சவுரியப்பன் ஐந்து வேளை இழுக்க ஆரம்பித்தான். தீர்த்தம்மாள் ஜன்னலில் ஈரத்துணியைக் கட்டினாள். பக்கத்து வீட்டு உலை, எதிர்வீட்டு உலை என்று நான்கு பக்கமும் வெந்துகொண்டிருந்தது. மிஷின் கொர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. தன் வாயால் அதைச் சாகடித்து எழுத வைத்தோமே என்று ஒவ்வொரு தடவை சுவிட்சைப் போடும்போதும் நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் பஸ் ஏறித் தருமபுரிக்கே போய்விட்டாள். இயக்கத்தின் அலுவலகம் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. சந்திரமோகன் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுவதையும் கேட்டார்.

"அப்ப ஓடுதுன்னு மாத்தணும்ங்கறீங்க."

"ஆமாங்க சார். நான்தான் தெரியாம சொல்லிட்டங்க. அது ஓடுதுங்க."

"அம்மா, சிஸ்டத்துல ஓடுதுங்கறத ஓடலன்னு மாத்தலாம். ஓடலங்கறத ஓடுதுன்னு மாத்த முடியாது. ஏன்னு கேளுங்க. உலகத்துல எந்தச் சாமானும் அந்தத் திசையில போறதில்ல. நாம பொறக்கறோம், ஓடறோம், நின்னுடறோம். நின்ன பிறகு ஓடறது உண்டா?"

"ரிப்பேர் பண்ணா ஓடுமுங்களே?"

சந்திரமோகன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரிப்பேர்தாம்மா இந்த இயக்கத்துக்கு முதல் எதிரி. எல்லாரும் ரிப்பேர் பண்ணிட்டா நாங்க எதை மறுசுழற்சி பண்றது? மாவட்டத்துக்கு இலக்கு நாலாயிரம் டன். சரி, உங்களுக்காகச் சொல்றேன். தொழில்நுட்ப அலுவலர் பார்த்து, ஓடுதுன்னு சான்று கொடுத்தா மட்டும் மாத்தலாம். மிஷினைக் கொண்டு வாங்க."

மறுநாள் காலையில் கணவனுக்கு ஒரு வேளை கொடுத்துவிட்டு, மிஷினைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். மதியத்து வேளைக்குள் திரும்ப வேண்டும் என்று வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். அலுவலகத்தில் ஒரே ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. அதில் உலையின் சிறிய மாதிரி ஒன்று விளக்கெரியச் சுற்றிக்கொண்டிருந்தது. கெஞ்சி அதைப் பிடுங்கிவிட்டு மிஷினைச் சொருகினாள். கொர்ரென்று அது ஓடியது. ஆறு பேர் காதால் கேட்டார்கள். ஆவி வந்தது, ஒரு குமாஸ்தா கையைக் காட்டிப் பார்த்து, "குளுகுளுன்னு இருக்குது," என்றார்.

"ஓடுதுங்களா சார்?" என்றாள் தீர்த்தம்மாள். மிஷினை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"சத்தம் வருது," என்றார் சந்திரமோகன் ஜாக்கிரதையாக. "ஓடுதுன்னு நான் சொல்ல முடியாது. தொழில்நுட்ப அலுவலர்தான் சொல்லணும்."

"அவரு எங்கங்க?"

"அந்தப் பதவி காலியா இருக்கு. போட்ட உடனே பார்ப்பார். நீங்க மனு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு மனசுல வெச்சிக்கோங்க. ஓடற சாமானை ஓடலன்னு சொன்னது பொய்த் தகவல். அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. மாத்தற வரைக்கும் உங்க மேல தப்பு இல்ல. மாத்திட்டா தப்பு உண்டு."

மனுவை எழுதி, முத்திரை போட்டு, எண் வாங்கிக்கொண்டு இறங்கினாள். வீட்டுக்குப் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. சவுரியப்பன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டை ஏறி இறங்க உட்கார்ந்திருந்தான். மாஸ்க்கை வைத்து இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் பேச்சு வந்தது. "என்னா சொல்றாங்க... உசுரோட இருக்குதாமா?" என்று மிஷினைக் காட்டிக் கேட்டான்.

தொண்ணூறு நாள் நெருங்க நெருங்க ஊர் சுறுசுறுப்பானது. ஓடுகிற மிக்ஸியைக் கொளுத்த யாருக்கு மனசு வரும்? சாமான்களை மக்காச்சோளத் தட்டுக்குள்ளும் மோட்டார் கொட்டாயிலும் ஒளித்து வைத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தருமபுரி பழைய இரும்புக் கடைகளில் செத்துப்போன மிக்ஸி தேடிப் போனார்கள். மாவட்டம் முழுக்க இதே வேலையாக இருந்ததால், ஓடாத மிக்ஸிக்குக் கிராக்கி ஏறி ஓடுகிற மிக்ஸியை விட விலை கூடிவிட்டது. புது மிக்ஸியை வாங்கி, கீழே போட்டு உடைத்து விற்றவர்களும் உண்டு. கடைசியில் சைக்கிள் டயரையும் பிய்ந்த செருப்பையும் கொளுத்தினார்கள். கரி கரிதானே. பெட்டிகள் நிறைந்தன, பச்சை அட்டைகள் வந்தன. மாவட்டமே தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது சதவீதத்தில் வந்து நின்றது.

மிச்சம் இருந்தது தீர்த்தம்மாள் வீட்டு உருப்படி ஏழு. அவளும் தேடாமல் இல்லை. எந்த இரும்புக் கடையிலும் செத்துப்போன மூச்சு மிஷின் கிடைக்கவில்லை. அந்த மிஷினை வைத்திருப்பவர்கள் அது ஓடுகிற வரைக்கும் விற்க மாட்டார்கள். அதற்குப் பிறகு விற்பதற்கு அவர்கள் இருக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

ஒரு மத்தியானம் சந்திரமோகன் வீட்டுக்கே வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்தார்.

"அம்மா, தலைநகரத்துலருந்து செயலாளர் வர்றார். நாட்டிலேயே நூறு சதவீதம் தொட்ட முதல் மாவட்டம்னு அறிவிக்கப் போறார். முப்பது லட்சம் உருப்படியில இது ஒண்ணுதான் பாக்கி. ஒண்ணரைக் கிலோ. ஒரு மாவட்டத்தோட மானமே உங்க ஸ்டூல் மேல உக்காந்திருக்கு."

"சார், அது இல்லாட்டி அவரால மூச்சு விட முடியாதுங்க."

"அதுக்குத்தான் வந்தேன். உருப்படி ஏழைச் செயலாளர் முன்னாடி உலையில போடுங்க. அந்தக் கரிப் பெட்டி ரசீதைக் காட்டினா, எங்க மாற்று இயந்திரப் பிரிவுல புது மிஷின். நானே கையெழுத்துப் போடறேன். நீங்க மொதல்ல ஆசைப்பட்டதும் அதுதானே?"

ஆசைப்பட்டது அதுதான். தீர்த்தம்மாள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். சவுரியப்பன் மாஸ்க்குக்குள்ளிருந்து சந்திரமோகனைப் பார்த்தான். குவாரி முதலாளிகள், மேஸ்திரிகள், அடையாள அட்டை வாங்கித் தருகிறேன் என்று படமெடுத்துக்கொண்டு போனவர்கள் என்று எத்தனையோ நல்ல குரல்களை அவன் கேட்டிருக்கிறான்.

"புதுச எடுத்தாந்து... வெச்சிட்டு... பழச எடுத்துக்கச் சொல்லு," என்றான்.

"விதிப்படி பழசு அழிஞ்ச பிறகுதாங்க புதுசு. ஒரு வீட்டுக்கு ரெண்டு மிஷின் இருக்கக் கூடாது," என்றார் சந்திரமோகன். "ரெண்டு நாள். மிஞ்சிப்போனா மூணு நாள்."

மூன்று நாள்தானே என்று தீர்த்தம்மாள் தலையாட்டினாள். விழா நடந்தது. தீர்த்தம்மாள் வீட்டு வாசலில் சாமியானா, மாவிலைத் தோரணம், உலைக்குப் பொட்டு. அதிகாரிகள் எல்லோரும் வரிசையாக முகக்கவசம் போட்டிருந்தார்கள். காவியா மிஷினைத் தட்டில் வைத்துக் கொண்டு வந்தாள். அதிலிருந்து குழாயையும் மாஸ்க்கையும் கழற்றித் தீர்த்தம்மாள் கையில் கொடுத்தாள். "இது வெறும் பிளாஸ்டிக்குக்கா, லிஸ்ட்ல வராது," என்று மெதுவாகச் சொன்னவள், தலையை நிமிர்த்தவே இல்லை. செயலாளர் மிஷினை உலைக்குள் போட்டார். முனியம்மாள் களி அப்பினாள். செயலாளர் தீப்பெட்டியைத் தீர்த்தம்மாள் கையில் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள், விறகைப் பற்ற வைத்தாள்.

"இந்தத் தாயைப் பாருங்கள்!" என்றார் செயலாளர். "தன்னிடம் இருந்த கடைசிக் கழிவையும் நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். கழிவு எது, பொருள் எது என்று முடிவு செய்கிற சிரமத்தை நாங்கள் மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டோம். இனி நீங்கள் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. இந்த ஊர்க் காற்று எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!" அதற்கு மேல் பேச முடியாமல் அவருக்கு இருமல் வந்துவிட்டது. மூடுபனி என்றார் சந்திரமோகன். பகல் பதினொரு மணி, சித்திரை மாதம்.

மூன்று நாள் ஆயிற்று. ரசீதோடு தீர்த்தம்மாள் துணிக்கடை மாடிக்குப் போனாள். மாற்று இயந்திரப் பிரிவு அந்த மாடியிலேயே வேறொரு மேஜை. பழைய மிஷின் நிஜமாகவே பழுதுதானா என்று பார்த்து உறுதி செய்த பிறகுதான் புதியது தர முடியும் என்றது அந்த மேஜை. பழையதைக் கொண்டு வரச் சொன்னது. கரிதான் இருக்கிறது என்றாள் இவள். கரியைப் பார்த்து அது முன்பு ஓடியதா, ஓடவில்லையா என்று எப்படிச் சொல்வது என்று அந்த மேஜை நியாயமாகவே கேட்டது. சந்திரமோகன் செயலாளரோடு டில்லிக்குப் போயிருந்தார், விருது வாங்க.

சவுரியப்பனைத் தினமும் பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே நர்ஸுகள் முகம் சுளிக்காமல் உட்கார வைத்து ஆவி பிடிக்க வைத்தார்கள். ஆனால் அந்தக் காற்று திரும்பி வருகிற வழியிலேயே தீர்ந்துவிடும். போக ஒரு மணி, வர ஒரு மணி. பதினோராம் நாள் காலை, பஸ் தருமபுரிக்குள் நுழைவதற்கு முன்னால், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சவுரியப்பன் அவள் கையைப் பிடித்தான். ஏதோ கேலியாகத்தான் சொல்ல வாயெடுத்தான் என்று இன்றைக்கும் அவள் சொல்கிறாள். அவன் கண்ணில் அது தெரிந்ததாம். முதல் தவணைக்கே மூச்சு வரவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி அவள் கத்தினாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி நின்றது, அவனும் நின்றுபோனான்.

நாலு மாதம் கழித்து காவியா ஒரு கடிதம் கொண்டு வந்தாள். அவளே அதைப் படித்துக் காட்டினாள். காலியாக இருந்த தொழில்நுட்ப அலுவலர் பதவிக்கு ஆள் வந்துவிட்டார். வந்த வேகத்தில், தேங்கிக் கிடந்த மனுக்கள் அத்தனைக்கும் ஒரே நாளில் ஒப்புதல் கொடுத்துவிட்டார். தீர்த்தம்மாளின் மனு ஏற்கப்பட்டது. உருப்படி ஏழு "ஓடுகிறது" என்று திருத்தப்பட்டது. ஆகவே, ஓடுகிற ஓர் இயந்திரத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் தன் கையால் தீ வைத்து அழித்தது ஏன் என்று பதினைந்து நாளில் நேரில் விளக்கம் தர வேண்டும்.

விசாரணையில் சந்திரமோகன் நடுவில் உட்கார்ந்திருந்தார். சுவரில் விருது மாட்டியிருந்தது. பிளக் பாயின்ட்டில் உலையின் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

"இயந்திரம் ஓடிச்சா?"

"ஓடுச்சுங்க."

"ஓடினதுக்கு சாட்சி யார்?"

தீர்த்தம்மாள் குமாஸ்தாவைப் பார்த்தாள். ஆவியில் கையைக் காட்டிக் குளுகுளுவென்று இருக்கிறது என்று சொன்ன அதே குமாஸ்தா. அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரருதாங்க சாட்சி," என்றாள். "அது ஓடுன வரைக்கும் மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாரு."

குமாஸ்தா எழுதினார்: சாட்சி ஆஜராகவில்லை.

சந்திரமோகன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் நிஜமான நிம்மதி தெரிந்தது. "கவலைப்படாதீங்கம்மா. சாட்சி வராததால, இயந்திரம் ஓடலன்னே முடிவு பண்றோம். மறுபடி பழையபடி மாத்திடறேன். அந்தத் திசையில மாத்தறது சுலபம். ஆக, பொய்த் தகவலும் இல்ல, ஓடற பொருளை அழிச்ச குத்தமும் இல்ல. உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. எங்க மேலயும் இல்ல. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

தீர்த்தம்மாள் பேனாவைத் தொடவில்லை.

"தப்பு இருக்குதுங்க," என்றாள். "ஓடுறத ஓடலன்னு சொன்னது நானுங்க. கொளுத்துனதும் நானுங்க. அது ஓடுச்சு. ஓடுச்சுன்னு எழுதுங்க. என்னா தண்டன இருக்குதோ குடுங்க, வாங்கிக்கிறன்."

"மாத்திட்டேனேம்மா. ஓடலன்னு ஒரு தரம் ஆனா ஆனதுதான். மொதல் நாளே சொன்னேனே. அதை மாத்தற தொழில்நுட்ப அலுவலரும் போன வாரம் மாத்தலாகிப் போயிட்டார்."

"ஓடுச்சுங்க," என்றாள் தீர்த்தம்மாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் சந்திரமோகன் கடிகாரத்தைப் பார்த்தார். குமாஸ்தா நோட்டைத் தன் பக்கம் இழுத்து, கையொப்பத்துக்கென்று விட்டிருந்த கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதினார்: மனுதாரர் விடுவிக்கப்பட்ட மகிழ்ச்சியில் பேச இயலாத நிலையில் இருப்பதால் கையொப்பம் பெறப்படவில்லை.